பிளக்கைத் தட்டிப் பார்த்தவன்

ஒன்பதாவது முறை கயிற்றை இழுத்தபோது என் சட்டையின் கக்கத்தில் தையல் பிரிந்தது. எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. நீல பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பைக் கவ்விக்கொண்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டபடி அது நிம்மதியாகத் தொங்கியது.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு," என்றார் கோதண்டபாணி.

அவர் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர். மடியில் டேப்லெட், காலடியில் பயணப் பை. ஐந்தேகாலுக்கு ஜங்ஷனில் அவருக்கு ரயில். பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குச் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. நான் கடைசி. பழமலைநாதன், வயது நாற்பத்து மூன்று, படகு எஞ்சின் பராமரிப்பும் பழுது பார்த்தலும், தொடக்க நிலை. தொடக்க நிலை என்பதையும் வயதையும் அடுத்தடுத்துப் படித்தபோது அவர் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

விருத்தாசலத்தில் படகு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. திட்டம் கடலூர் மாவட்டத்துக்கு வந்தது. கடலூர் மாவட்டத்தில் கடல் இருக்கிறது. விருத்தாசலமும் கடலூர் மாவட்டம். கடலோரத்தில் பயிற்சி நடத்த இடம் அமையவில்லை, இங்கே செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு குடோன் காலியாக இருந்தது. குடோனுக்கும் கடலுக்கும் அறுபது கிலோமீட்டர். மணிமுத்தாறு பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் ஓடும் மாதங்களில் பயிற்சி நடக்கவில்லை. ஆகவே டிரம்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் அப்துல் மாலிக். மங்கலம்பேட்டைக்காரன், பள்ளியில் என்னோடு படித்தவன். பதினாறு வருடமாக வளைகுடாவில், அஜ்மானில் ஒரு படகுப் பட்டறையில் இருக்கிறான். இப்போது ஃபோர்மேன். பட்டறைக்கு நான்கு ஆள் வேண்டும், அனுபவம் கேட்க மாட்டார்கள், ஆனால் கையில் ஒரு சர்டிபிகேட் இருக்க வேண்டும் என்று போனில் சொன்னான். தேர்வுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் முதலாளியிடம் நான்கு பெயர்களைக் கொடுக்க வேண்டும். நான் தேறினால் என் பெயர் அதில் இருக்கும். தேறாவிட்டால் இருக்காது. டிரம்முக்கு முன்னால் நின்றபோது இதுதான் நிலவரம்.

இந்தத் தேர்வு எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால் நான் சேர்ந்துவிட்டு முடிக்காமல் விட்டவற்றைச் சொல்ல வேண்டும். முதலில் டைப்ரைட்டிங். லோயர் தேர்வன்று காலையில் சுண்டுவிரலில் கதவு இடித்தது. அந்த விரலுக்கு ஒரே ஒரு எழுத்துதான் வேலை என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. பிறகு டிரைவிங். எட்டு போடும் மைதானத்தில் எட்டின் மேல் வட்டத்தோடு வண்டி நின்றுவிட்டது. கீழ் வட்டத்தைப் போட நான் திரும்பிப் போகவே இல்லை. செல்போன் ரிப்பேரில் பிரித்த போனை மூடியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. அது சொல்லிக்கொடுத்தவருடைய சொந்த போன். தேனீ வளர்ப்புப் பயிற்சி மூன்றே நாள், அதை எப்படியும் முடித்துவிடலாம் என்று போனேன். இலவசமாகக் கொடுத்த பெட்டியை இரண்டாம் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பெட்டி காலி. தேனீக்கள் பெண்ணாடம் பக்கம் போயிருக்கும், அங்கேதான் சர்க்கரை ஆலை இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். தேனீ இல்லாமல் பயிற்சிக்கு எந்த முகத்தோடு போவது?

என் மனைவி அம்சவல்லி பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளையார். சாயங்காலம் கரண்ட் போனாலும், கையில் இருக்கும் பிள்ளையாருக்கு இரண்டாவது கண்ணை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்று காலை நான் கிளம்பும்போது சோற்று டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"பாஸோ ஃபெயிலோ, அத உடுங்க. இதையாவுது முடிச்சிட்டு வாங்க. பாதில எந்திரிச்சி மட்டும் வந்துடாதீங்க."

எனக்கு முழுதாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். தட்டிப் பார்ப்பது. பத்தொன்பது வருடமாக ஒரு செராமிக் கம்பெனியில் அதைத்தான் செய்கிறேன். பயிற்சி காலையில் என்பதால் மதிய ஷிப்டு வாங்கிக்கொண்டேன். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்ட வேண்டும். நன்றாக வெந்தது ணங் என்னும். உள்ளே மயிரளவு விரிசல் இருந்தால் டொக் என்னும். டொக் என்பதைத் தள்ளிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது பிடித்துவிடும். இது பெரிய வித்தை இல்லை, ஆனால் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான் என்பதால் நான் இதைப் பெரிதாக வைத்துக்கொண்டேன். ஓட்டலில் தட்டைத் தட்டினேன். கடையில் பூந்தொட்டியைத் தட்டினேன். உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் வாஷ்பேசினைத் தட்டி, மாற்றச் சொன்னேன். அவர்கள் மாற்றவில்லை, என்னை அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அம்சவல்லியைப் பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான். காப்பி கொடுத்தார்கள். குடித்து முடித்த கப்பை விரலால் சுண்டிப் பார்த்தேன். டொக். இதில் விரிசல் இருக்கிறது என்று என் மாமனார் ஆகவிருந்தவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. அவர் அதைச் சீர்வரிசை பற்றிய பேச்சின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டாராம். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பால்தான் கல்யாணம் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்சவல்லியைக் கேட்டால், வேறு வரன் வரவில்லை என்பாள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இளமதி என்ற பெண். வயது இருபத்தாறு. கடலூர் துறைமுகப் பக்கம். அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது, இளமதி பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்திருந்தது. தினமும் காலை பஸ்ஸில் வந்து மதியம் பஸ்ஸில் போகும். நான் மேடம் என்பேன். அது என்னை அண்ணே என்று ஆரம்பித்துவிட்டு, வகுப்பு என்பது நினைவுக்கு வந்து சார் என்று திருத்திக்கொள்ளும். முதல் நாள், கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றது. பன்னிரண்டு பேரும் தூக்கினோம். படகில் ஏறியவர்கள் என்றது. எல்லாக் கையும் இறங்கியது.

அது எங்களை விட்டுவிடவில்லை. கடலில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும் என்று கற்பிப்பதற்காக டிரம்மில் இரண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டிக் கரைத்தது. கம்மாபுரத்து சக்கரபாணி விரலை விட்டு நக்கிப் பார்த்து, உப்பு கம்மி என்றான். அவன் குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து அவன் எந்தப் பயிற்சி என்றாலும் வந்து சேருவான். ஆனால் என்னைப் போல இல்லை. முடித்துவிடுவான். அவனிடம் ஏற்கெனவே நான்கு சர்டிபிகேட் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் இளமதி எஞ்சினின் முன்பக்கம் தொங்கிய சிவப்புக் கயிற்றைக் காட்டியது. அதன் ஒரு முனையில் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பு. அது எஞ்சினிலிருக்கும் பொத்தானுக்கடியில் மாட்டியிருக்கும். மறுமுனையைப் படகு ஓட்டுபவர் உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு கிளிப்பை இழுத்துக்கொண்டு போகும், எஞ்சின் நின்றுவிடும், படகு அவரை விட்டுவிட்டுப் போகாது. கிளிப்பு இல்லாவிட்டால் எஞ்சினில் தீப்பொறியே வராது. "அரைஞாண் கயிறு மாரி நெனச்சிக்குங்க," என்றது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு பயிற்சி முடியும்வரை அந்தக் கயிறு அங்கேயே தொங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. டிரம்மிலிருந்து யாரும் தவறி விழவும் இல்லை.

தேர்வில் ஒவ்வொருவரையும் வெளியே நிறுத்திவிட்டு, கோதண்டபாணி எஞ்சினில் ஒரு கோளாறை உண்டாக்கி வைப்பார். உள்ளே வந்து முப்பது நிமிடத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்து எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு அவர் செய்து வைத்திருந்தது, அந்தக் கிளிப்பைக் கழற்றி எஞ்சினின் மேல் மூடி மீதே போட்டு வைத்தது. கண்ணெதிரே சிவப்பாகக் கிடந்தது. மூடியைத் திறக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான்தான் அதை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தேன்.

பெட்ரோலைப் பார்த்தேன். இருந்தது. டேங்க் மூடியில் காற்றுத் துளை திறந்திருந்தது. குழாயில் அடைப்பு இல்லை. ஒன்பது முறை இழுத்ததை முதலிலேயே சொன்னேன். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் உடம்போடு ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தேன். தீப்பொறி இல்லை. இதுவரை நான் செய்தது சரிதான் என்று தேர்வெல்லாம் முடிந்த பிறகு இளமதி சொன்னது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக, மினுமினுப்பாக, நடுவில் பீங்கான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குடோனில் எனக்குத் தெரிந்த ஒரு பொருளைக் கையில் பிடித்திருந்தேன். தீப்பொறி வரவில்லை என்றால் பீங்கானில் விரிசல் இருக்கலாம். விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் என்னைவிட ஆள் கிடையாது. பெஞ்சில், பாகங்களை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த இரும்பு வைஸின் விளிம்பில் அதைத் தட்டினேன். ணங். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தட்டு. ணங். பின்னால் கோதண்டபாணி என்ன செய்கிறான் இவன் என்பதுபோல நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் நான் கொஞ்சம் ஓங்கித் தட்டுவேன். மூன்றாவது தட்டுத் தட்டினேன். டொக்.

அப்போது எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதல் இரண்டு ணங்குக்கும் மூன்றாவது டொக்குக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது புத்தியில் ஏற அரை நிமிடம் பிடித்தது. ஏறியதும் பிளக்கை அவசரமாக எஞ்சினிலேயே திருகி மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலக் கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தான். அவன் தேர்வு முடிந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்து, சட்டையை லேசாகத் தூக்கி, இடுப்பைச் சொறிந்தான். பிறகு மறுபடியும் சொறிந்தான். மூன்றாவது முறை அரைஞாண் கயிற்றையே விரலால் இழுத்துக் காட்டினான். எனக்குப் புரிந்தது. பெஞ்சின் மேலிருந்த கிளிப்பை எடுத்து மாட்டினேன். கோதண்டபாணி டேப்லெட்டில் ஏதோ தட்டினார். நான் கயிற்றை இழுத்தேன். பல முறை இழுத்தேன். எஞ்சின் எடுக்கவில்லை.

கோதண்டபாணி எழுந்து வந்தார். தானும் இரண்டு முறை இழுத்தார். பிளக்கைக் கழற்றச் சொல்லி வாங்கி, செல்போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கானில், இரும்பு வளையத்தை ஒட்டி, ஒரு கோடு ஓடியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிளிப்பைக் கண்டுபிடித்து மாட்டியாகிவிட்டது, கேட்ட கோளாறு அதுதான், பிளக்குக் கெட்டுப்போனதற்குத் தேர்வு எழுதுபவர் பொறுப்பில்லை என்றார். எனக்குப் பாஸ் போட்டார். போட்டதை எனக்கே காட்டினார். பச்சை நிறத்தில் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒன்றை முடித்திருந்தேன். அது பச்சையாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

பிறகு அவர் இளமதியிடம் திரும்பி, மையத்தைப் பற்றிய குறிப்பில் தரமற்ற உதிரிபாகங்கள் என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். அந்த மாதம்தான் இளமதியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பிளக்கைப் பெஞ்சின் மேல் உருட்டிவிட்டுச் சொன்னார்.

"என்னம்மா மட்டமான பீங்கான் இது. தொட்டாலே உடையுது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பச்சை அப்படியே இருந்திருக்கும்.

"நல்ல பீங்கான் சார் அது," என்றேன். "தொட்டு உடையல. நான் வைஸ்ல தட்டுனேன். மொத ரெண்டு தட்டுக்குக் கிண்ணுனு நின்னுச்சி. மூணாவதுலதான் போச்சி. மட்டமா இருந்தா மொதத் தட்டுக்கே போயிருக்குமே."

"ஏன் தட்டினீங்க?"

"வெந்திருக்குதான்னு பாக்க."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். சூளையின் சூடு, மயிர் விரிசல், ணங், டொக் எல்லாவற்றையும் நான்கு நிமிடம் விளக்கினேன். யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் இதைக் கேட்டதில்லை. செய்து காட்டுவதற்காக அவர் டீ குடித்து வைத்திருந்த கப்பை எடுத்துச் சுண்டினேன். காகிதக் கப். சத்தம் வரவில்லை, மிச்சமிருந்த டீ என் கையில் வழிந்தது.

போட்ட பாஸை எடுப்பதற்கு டேப்லெட் இரண்டு முறை உறுதியா என்று கேட்டது. இரண்டு முறையும் அவர் ஆமாம் என்று அழுத்தினார். எஞ்சினைச் சேதப்படுத்தியவருக்குப் பாஸ் போட விதி இடம் கொடுக்காது என்று, கோபமில்லாமல், கொஞ்சம் வருத்தத்தோடுகூடச் சொன்னார். மையத்தைப் பற்றிய குறிப்பையும் அழித்தார். பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

வாசலில் சக்கரபாணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ண்ணா, ஒன் வாயி இருக்குதே, அத அந்த டிரம்முல முக்கி வச்சிருக்கணும்ணா," என்றான். அவன் இடுப்பைச் சொறிந்ததற்கு நன்றி சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

இளமதி டிரம்மிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றபோது தலையைத் தூக்காமல் கேட்டது.

"எனக்கோசரம்தான் சொன்னீங்களாண்ணே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு இளமதி நினைவு வரவில்லை. அஜ்மானும் நினைவு வரவில்லை. பீங்கானைக் குறை சொல்லிவிட்டாரே என்பது மட்டும்தான் இருந்தது. அந்தப் பிளக்கு எங்கள் ஊரில் செய்ததுகூட இல்லை, எங்கேயோ ஜப்பானிலோ சைனாவிலோ செய்தது. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "பரவால்ல மேடம்," என்றேன். அது கண் கலங்கியது. எனக்கே கலங்கும்போல இருந்தது.

வீட்டில் அம்சவல்லி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது, ஃபெயில் என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, உட்காரச் சொன்னாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சையைச் சொன்னபோது நறுக்கிய காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மட்டமான பீங்கான் என்று அவர் சொன்னதைச் சொன்னபோது, அவளுக்கும் முகம் சுருங்கியது, நான் சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எனக்குத் தைரியம் வந்தது. பிறகு கேட்டாள்.

"எதுல தட்டுனீங்க?"

"வைஸ்ல."

"வைஸுன்னா?"

"இரும்பு. சாமானு புடிக்கறது."

"இரும்புல எவனாவுது பீங்கானத் தட்டுவானாங்க?" என்றாள். "பீங்கானுக்குப் பீங்கான், இல்லாட்டி மரக்கட்ட. நேத்து வேலைக்கு வந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும்."

உண்மைதான். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு முறைகூட இரும்பில் தட்டியதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். ஒன்பதரைக்கு மாலிக் கூப்பிட்டான். ஃபெயில் என்றேன். தேறியவர்களில் வரத் தயாராக இருக்கும் ஆள் யாராவது உண்டா என்று கேட்டான். சக்கரபாணியின் நம்பரைக் கொடுத்தேன். பதினொரு மணிக்குப் பயிற்சி மையத்துக்குப் போனேன். மறுதேர்வு நடக்கும், எப்போது என்று தெரியாது என்றார்கள். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், இல்லை, திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னேன். இரண்டு மணிக்கு ஷிப்டுக்குப் போனேன். நாலரைக்கு டீ நேரத்தில் மாலிக்கிடமிருந்து செய்தி வந்திருந்தது. பட்டியலை முதலாளியிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தான். நான்கு பெயர்கள். சக்கரபாணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.